கறுப்புப் பெட்டி, வெள்ளைப் பெட்டி

1

எனக்குப் பள்ளிக்கூடம் மூன்றாம் வகுப்போடு சரி. நான் சொல்லச் சொல்ல, அறையில் என்னோடு தங்கியிருக்கும் தக்கலைக்காரன் செல்வின் இதை எழுதுகிறான். நடுவில் அவனுக்கு ஃபோன் வந்தால் நான் நிறுத்திவிடுவேன். அதனால் அங்கங்கே முட்டி நிற்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பஹ்ரைனில் மனாமா சந்தையில் ஒரு வீடியோ கேம் கடையில் இருபத்தாறு வருசமாக டீ போடுகிறேன். எனக்குச் சொந்த ஊர் மணவாளக்குறிச்சிப் பக்கத்துக் கடற்கரை. முதலாளி கபீர் காசர்கோட்டுக்காரர். என்னைவிட எத்தனையோ வயது இளையவர், என்னை அந்தோணி சேட்டா என்றுதான் கூப்பிடுவார். நான் வந்த காலத்தில் அங்கே ரேடியோவும் டேப்பும் விற்றார்கள். பிறகு வி.சி.ஆர். 2004 வாக்கில் எல்லாம் போய், டிவியில் மாட்டி விளையாடும் கேம் பெட்டி மட்டும் என்று ஆகிவிட்டது.

போன மாதம் ஒரு வியாழக்கிழமை, கம்பெனிச் சரக்குக் கொண்டுவரும் சேல்ஸ்மேன் கடை மேசையில் இரண்டு பெட்டிகளை அடுத்தடுத்து வைத்தான். ஒன்று ஜப்பான் கம்பெனியின் கறுப்புப் பெட்டி. மற்றது அமெரிக்கக் கம்பெனியின் பெட்டி. அதற்கு இப்போது நிறம் மாறிவிட்டாலும் முதலில் வந்தபோது வெள்ளை, நான் இன்றைக்கும் வெள்ளைப் பெட்டி என்றுதான் சொல்வேன். கறுப்பில் சேல்ஸ்மேன் உட்கார்ந்தான், வெள்ளையில் கபீர் உட்கார்ந்தார். இரண்டு டிவி. ஆனால் ஒரே ஆட்டம். இவன் டிவியில் கபீரின் ஆள் ஓடுகிறான், கபீர் டிவியில் இவன் ஆள் ஓடுகிறான்.

நான் டீத்தட்டோடு நின்றுவிட்டேன்.

"முதலாளி, இது எங்ஙன? இவனுக்க ஆளு அவனுக்க பெட்டிக்குள்ள வரமாட்டானே!"

"இப்போ வரும் சேட்டா. ரெண்டு கம்பெனியும் வாசல் தொறந்தாச்சு. எல்லா ஆட்டத்துக்கும் இல்ல, ஒண்ணு ரெண்டுக்கு."

"அப்போ சமாதானம் ஆயிட்டானுவளா?"

கபீர் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் சிரித்தார். "எந்தச் சமாதானம்? கச்சவடம். அடைச்சு வச்சா லாபம்னா அடைப்பான், தொறந்தா லாபம்னா தொறப்பான். டீ ஆறுது, வையும்."

வைத்தேன். கபீருக்கு அது கச்சவடம், வெறும் வியாபாரம். எனக்கு இரண்டு பையன்கள். அருள் மூத்தவன், ஷிபு இளையவன். ஒருவனுக்குக் கறுப்பும் ஒருவனுக்கு வெள்ளையும் வாங்கிக்கொடுத்தவன் நான். அவர்கள் இரண்டுபேரும் நேருக்கு நேர் பேசிப் பன்னிரண்டு வருசம் ஆகப்போகிறது.

2

அந்தக் கம்பெனிக்காரர்கள் போட்ட சண்டையை நான் டீத்தட்டோடு நின்று பார்த்தவன். படித்தவர்கள் வேறு மாதிரி சொல்லக்கூடும், நான் பார்த்ததைச் சொல்கிறேன்.

2004இல் சண்டையே கிடையாது. ஜப்பான்காரன் ஒரு பெட்டி வைத்திருந்தான், சந்தையில் யார் வீட்டுக்குப் போனாலும் அதுதான். அமெரிக்காக்காரனும் பக்கத்தில் ஒன்று வைத்திருந்தான், அது தூசி பிடித்துக் கிடந்தது. அடுத்த பெட்டிக்கு ஜப்பான்காரன் நேரம் எடுத்துக்கொண்டிருந்தபோது அமெரிக்காக்காரன் தன் புது வெள்ளைப் பெட்டியோடு முதலில் கரை இறங்கிவிட்டான். ஜப்பான்காரனின் கறுப்பு, பின்னால் வந்தது. நல்ல பெட்டி, ஆனால் பயங்கர விலை. மூன்றாவது ஒரு கம்பெனி இருந்தது. இந்த இரண்டுபேர் சண்டையிலும் தலையிடாமல், கையில் ஒரு கோலைப் பிடித்து ஆட்டி விளையாடும் சின்னப் பெட்டியை வைத்துக் கிழவன் கிழவி வரைக்கும் விற்றுவிட்டுப் போனான். புத்திசாலி. நான் வாங்கியிருந்தால் அதைத்தான் வாங்கியிருக்கவேண்டும்.

இரண்டு சேல்ஸ்மேனும் ஒரே நாளில் வந்தால் கடையில் எனக்குத்தான் பாடு. ஒருவன் உட்கார்ந்த பக்கத்தில் மற்றவன் உட்காரமாட்டான். வெள்ளைப் பெட்டிக்காரன் கடை வாசலில் விளக்குப் போர்டு இனாமாக வைத்துத் தந்தான், முன்கண்ணாடியில் கறுப்பு இருக்கக்கூடாது என்று பேச்சு. கறுப்புப் பெட்டிக்காரன் சும்மா இருப்பானா? உள்ளே பெரிய டிவி தந்தான், அதில் வெள்ளை ஓடக்கூடாது. கபீர் இரண்டையும் வாங்கிக்கொண்டு இரண்டுபேரிடமும் தலையாட்டினார். எனக்கும் ஆளுக்கொரு பனியன் தந்தார்கள். சனிக்கிழமை கறுப்பு, ஞாயிற்றுக்கிழமை வெள்ளை என்று மாற்றி மாற்றிப் போட்டேன்.

"அந்தோணி, நேற்று அவனுக்கது எத்தனை போச்சு?" என்று ஒருவன் காதில் கேட்பான்.

"எனக்கு டீக்கப்பு எண்ணத்தான் தெரியும் சார்" என்பேன்.

கபீர் ஒருநாள் எனக்கு விளக்கினார். "சேட்டா, பெட்டியில லாபமே இல்ல, நஷ்டத்துக்குக்கூட விப்பான். ஆட்டம் இருக்குல்ல, அந்த டிஸ்க், அதுலதான் எடுக்கான். இவன் பெட்டி வீட்டுல கேறிட்டா பின்ன காலத்துக்கும் இவன் டிஸ்க்தான். நல்ல ஆட்டம் ஒண்ணு உண்டாக்குகவனைத் தேடிப் போய், 'எனக்க பெட்டிக்கு மட்டும் தா, அவனுக்குக் குடுக்காதே'ண்ணு பேசி வைப்பான்."

இது எனக்கு உடனே பிடிபட்டது. எங்கள் கடற்கரையில் ஒரு மீன் வியாபாரி இருந்தான். வள்ளம் கடலில் இறங்கும்முன் ஐஸ் சும்மா ஏற்றித் தருவான். நல்ல மனுசன் என்று நினைப்போம். ஏற்றின ஐஸுக்கு வருகிற மீன் அவனுக்குத்தான். வேறு ஆளிடம் காட்டவும் கூடாது. பெட்டியும் அந்த ஐஸ்தான் என்று கபீரிடம் சொன்னேன். கொள்ளாமே, நல்லா இருக்கே என்று அவர் கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் ஒரு வாரம் அதைச் சொல்லிக்கொண்டிருந்தார்.

இவ்வளவும் தெரிந்தவன்தான் நான். தெரிந்தும் செய்தேன்.

3

வளைகுடாவில் இருக்கிற தகப்பன் கார்கோப் பெட்டி கட்டுவதற்கு ஒரு முறை உண்டு. இரண்டு பிள்ளை இருந்தால் எல்லாம் இரண்டு. ஒரே நிறம், ஒரே அளவு. சட்டைத்துணி என்றால் ஒரே துணியில் இரண்டு வெட்டு. வாட்ச் என்றால் ஒரே வாட்ச் இரண்டு. எங்கள் வீட்டில் பிலோமி, என் வீட்டுக்காரி, இதில் கண்டிப்பு. ஒருதரம் சோப்பு நிறம் மாறிப்போனதற்கு எனக்கு ஃபோனில் கிடைத்தது ஏச்சு.

"கேட்டியளா, ஒருத்தனுக்குப் பச்ச, ஒருத்தனுக்கு மஞ்சளா? பிள்ளிய மொகத்தப் பாத்தா வாங்குனிய? ஒண்ணுபோல வாங்கத் தெரியாதா ஒங்களுக்கு?"

ஒன்றுபோல வாங்கித்தான் பழக்கம். அந்த வருசம் மட்டும் மாற்றினேன். அருளுக்குப் பதினேழு நடக்கிறது, ஷிபுவுக்குப் பதினைந்து. இரண்டுபேரும் கேம் பெட்டி கேட்டு எழுதியிருந்தார்கள். கபீர் விலை குறைத்துத் தருவதாகச் சொன்னார். "ரெண்டும் கறுப்பா, ரெண்டும் வெள்ளையா சேட்டா?" என்று கேட்டார்.

நான் வள்ளக்காரன் புத்தியில் யோசித்தேன். ஒரு வீட்டில் இரண்டு வள்ளம் இருந்தால் இரண்டையும் ஒரே இடத்தில் வலைபோட விடமாட்டோம். ஒன்று கிழக்கே போகும், ஒன்று மேற்கே போகும். எங்கே மீன் பட்டாலும் வருவது ஒரே வீட்டுக்கு. இந்தக் கம்பெனி இரண்டும் ஆட்டங்களை ஆளுக்குப் பாதியாக அடைத்து வைத்திருக்கிறது. ஒன்று கறுப்பு, ஒன்று வெள்ளை என்று வாங்கினால் எல்லா ஆட்டமும் என் பிள்ளைகளுக்கு. இருவரும் மாற்றி மாற்றி விளையாடுவார்கள். கம்பெனிக்காரனை ஏமாற்றிவிட்டேன் என்று எனக்கு உள்ளூர ஒரு சிரிப்பு.

"ஆளுக்கொண்ணு" என்றேன்.

கபீர் ஒரு நிமிசம் என்னைப் பார்த்தார். அவர் கச்சவடக்காரர், இரண்டையும் பொதிந்து தந்தார்.

முதல் மாதம் நான் நினைத்ததுபோலவே நடந்தது. அருள் ஃபோனில், "அப்பா, அவனுக்க பெட்டியில கார் ஓட்டம் கொள்ளாம்" என்றான். ஷிபு, "அண்ணனுக்கதுல பந்து வெளையாட்டு அடிபொளி" என்றான். பிறகு பிலோமியின் பேச்சு மாறியது. டிஸ்க் என்னால் எப்போதும் அனுப்பமுடியாது, பையன்கள் பள்ளிக்கூடத்தில் மாற்றிக்கொள்வார்கள். கறுப்பு வைத்திருந்த பையன்கள் அருளோடு சேர்ந்தார்கள். வெள்ளை வைத்திருந்தவர்கள் ஷிபுவோடு. இவன் கூட்டாளிகள் வந்தால் அவன் எழுந்து போவான். அவன் கூட்டாளிகள் வந்தால் இவன் போவான். வீட்டில் டிவி ஒன்றுதான்.

"ஒங்க மக்க ரெண்டும் டிவிக்குப் பொறத்த நிண்ணு வயரப் பிடிச்சு இழுக்கானுவ. எனக்கு வய்யா. நீங்க வந்து பாருங்க."

"பையமாரு அப்பிடித்தான் இருப்பானுவ" என்றேன். கடையில் சேல்ஸ்மேன்கள் பேசுவதையெல்லாம் என் பிள்ளைகளும் பேசினார்கள் என்று பிற்பாடுதான் தெரிந்தது. என் பெட்டிதான் பெட்டி, உன் பெட்டி குப்பை. ஒரு சொல்கூட மாறவில்லையாம். அவர்களுக்கு அதற்குச் சம்பளமும் கிடையாது.

4

ஐப்பசி மாதத்து இடியைப் பற்றி ஊரிலுள்ளவர்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. சாயங்காலம் மலைப்பக்கம் கறுக்கும்போதே வீட்டில் எல்லா பிளக்கையும் ஊரிவிடுவோம், பிடுங்கிக் கீழே போட்டுவிடுவோம்.

அன்றைக்கு ஷிபு தக்கலைக்கு டியூசனுக்குப் போயிருந்தான். பிலோமி முற்றத்துத் துணியை வாரிக்கொண்டு, "மக்கா, எல்லாத்தையும் ஊரிப்போடு" என்று சத்தம் போட்டிருக்கிறாள். அருள் டிவியை ஊரினான், கேபிள் வயரை ஊரினான், தன் கறுப்புப் பெட்டியை ஊரினான். அதே போர்டில், பக்கத்து ஓட்டையில், தம்பியின் வெள்ளைப் பெட்டி பிளக். ஒரு சாண் தூரம்கூட இல்லை.

இடி தென்னையில் விழுந்தது. வீட்டுக்குள் போர்டு கரிந்து வெள்ளைப் பெட்டியிலிருந்து புகை வந்தது.

ஷிபு நனைந்துகொண்டு வந்தான். பெட்டியைத் தொட்டுப் பார்த்தான். கறுப்பின் பிளக் தரையில் கிடப்பதையும் பார்த்தான். அவன் அழவில்லை, அடிக்கவும் போகவில்லை என்று பிலோமி சொன்னாள். கேட்டது ஒன்றே ஒன்று.

"எனக்கதை ஏன் ஊரல்ல?"

அருள் சொன்னானாம்: "உனக்கது குப்பைதானே."

அவ்வளவுதான். இதற்குப் பிறகு ஷிபு அண்ணனிடம் பேசவில்லை. "அம்மா, அவன்கிட்ட சோறு எடுத்து வைக்கச் சொல்லு" என்று மூன்றுபேரும் ஒரே அடுக்களையில் நிற்கும்போதே பிலோமி வழியாகச் சொல்வானாம். கொஞ்ச நாளில் மறந்துவிடுவார்கள் என்று பிலோமி நினைத்தாள். நானும் நினைத்தேன். இங்கிருந்து நினைக்க எளிது.

அடுத்த கார்கோவில் ஷிபுவுக்குப் புது வெள்ளைப் பெட்டி அனுப்பினேன். கூடவே இன்னொரு டிவியும். ஒரு டிவியால்தானே சண்டை என்று எனக்குப் புத்தி போனது. ஷிபு இரண்டையும் தூக்கிக்கொண்டு பின்அறைக்குப் போய்க் கதவைச் சாத்தினான். முன்அறையில் அருள் சாத்தினான். நடுவில் பிலோமி ஒருத்தி உட்கார்ந்து சாப்பிட்டாள். இது நடந்து ஒரு வருசம் கழித்து லீவில் போய் அந்த இரண்டு கதவையும் என் கண்ணால் பார்த்தேன். நான் தட்டினால் திறந்தார்கள், நான் போனதும் சாத்தினார்கள். என்னிடம் இரண்டுபேரும் பிரியமாகத்தான் இருந்தார்கள். நான் விருந்தாளி. நாற்பத்தைந்து நாளில் திரும்பவேண்டியவன்.

5

அருள் ஏ.சி. மெக்கானிக் படித்து ஒமானுக்கு, மஸ்கட் போனான். ஷிபு கம்ப்யூட்டர் படித்துச் சென்னை போய், அங்கிருந்து ஆஸ்திரேலியா, மெல்பன். பிலோமி செத்து ஆறு வருசம். அடக்கத்துக்கு இருவரும் வந்தார்கள். பெட்டியின் தலைமாட்டில் ஒருவன் பிடித்தான், கால்மாட்டில் ஒருவன். கோவிலிலிருந்து கல்லறைவரை அப்படியே நடந்தார்கள். நான் நடுவில் நடந்தேன். வந்தவர்கள், "பிள்ளிய எவ்வளவு ஒற்றுமையா நிக்கானுவ" என்று என்னிடம் சொன்னார்கள். ஆமாம் என்றேன்.

போன மாதம் என் அடையாள அட்டை புதுப்பிக்கப் போனேன். ஆபீசில் ஒரு கண்ணாடித் துண்டில் விரலை வைக்கச் சொல்வார்கள். என் விரலை அது எடுக்கவில்லை. சின்ன வயதில் கடலில் வலைக்கயிறு இழுத்தும் இங்கே கப்பு கழுவியும் ரேகை தேய்ந்துவிட்டது. அங்கிருந்த பெண்பிள்ளை அரபியில் ஏதோ சொன்னது. நான் இந்தியில் ஏதோ சொன்னேன். அது என் ஒவ்வொரு விரலையும் துடைத்து அழுத்திப் பார்த்தது, பாவம், நல்ல பிள்ளை. பத்தும் எடுக்கவில்லை. மூன்றுதரம் அலைந்தபின் கபீர் ஒரு கடிதம் எழுதித் தந்து காரியம் முடிந்தது. வெளியே வந்து கபீர் சொன்னார்:

"சேட்டா, இது கடைசி. வயசாச்சு, அடுத்த மட்டம் அட்டை தரமாட்டான். ஊருக்குப் போய் மக்களோட இரும்."

மக்களோடு, பிள்ளைகளோடு என்று அவர் எளிதாகச் சொல்லிவிட்டார். ஊரில் பூட்டிக்கிடக்கும் ஒரு வீடு, அதில் இரண்டு அறை. கிறிஸ்துமசுக்கு ஒருவன் வருகிறான் என்று தெரிந்தால் மற்றவன் ஈஸ்டருக்கு மாற்றிக்கொள்கிறான். நான் போனபின் ஒரு நாள் சாவேன். அப்போதும் இவர்கள் தலைமாட்டிலும் கால்மாட்டிலும் நின்று பிடிப்பார்கள், நடுவில் நடக்கத்தான் ஆள் இருக்காது. அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு நான் நினைத்தது இதுதான்.

அந்த வாரம்தான் சேல்ஸ்மேன் இரண்டு பெட்டியையும் ஒரே மேசையில் வைத்தான்.

6

அன்று மத்தியானமே அருளுக்கு ஃபோன் போட்டேன். எனக்கு மூச்சு வாங்கியது.

"மக்கா, அறிஞ்சியா? உனக்க கறுப்புல இருந்து வெள்ளைப் பெட்டிக்காரன்கூட வெளையாடலாம். நான் கண்ணால பாத்தேன். நீ அங்ஙன இருந்து, தம்பி அங்ஙன இருந்து..."

"அப்பா" என்றான். "அந்தப் பெட்டியெல்லாம் நா எப்பவோ வித்தாச்சு. யாருக்கு நேரம்? டூட்டி முடிஞ்சா கிடப்பேன்."

ஷிபுவைக் கூப்பிட்டேன். "கேமா? நானா?" என்று சிரித்தான். "அப்பா, ஒங்களுக்கு இதெல்லாம் எப்பிடித் தெரியும்? நான் காலேஜோட விட்டாச்சே."

கம்பெனிக்காரர்கள் வாசல் திறந்தபோது உள்ளே என் பிள்ளைகள் இல்லை. சண்டைக்குக் காரணமான பெட்டியை இருவரும் எறிந்துவிட்டார்கள், சண்டையை மட்டும் பத்திரமாக வைத்திருக்கிறார்கள். எனக்கு இத்தனை வருசத்தில் வராத கோபம் வந்தது. அருளைத் திரும்பக் கூப்பிட்டேன்.

"ஏலே, அண்ணைக்கு அவனுக்கதை ஏன் ஊரல்ல? எனக்கு இப்போ தெரியணும்."

அவன் எழுந்து கதவைச் சாத்துகிற சத்தம் கேட்டது.

"ஊரத்தான் போனேன்பா. கைய வச்சேன். அப்போ ஒரு நினைப்பு வந்து, எடுத்துட்டேன்."

"என்ன நினைப்பு?"

"இது போச்சுண்ணா அவன் பழையதுபோல எனக்கதுல வந்து எனக்ககூட இருந்து வெளையாடுவான்ணு."

ஃபோனை மற்றக் காதுக்கு மாற்றினேன்.

"அத அவன்கிட்ட சொல்லுலே."

"அதுக்கு மேல நாந்தானே குப்பைண்ணு சொன்னேன். இனி எப்பிடி? நீங்க சொல்லுங்கப்பா."

"ஒங்கம்மா வழியா சொல்லிச் சொல்லித்தான் இப்பிடி ஆச்சு. நான் சொல்லமாட்டேன். நீ சொல்லு. நம்பர் இருக்கா?"

இல்லை. கூடப்பிறந்தவன் நம்பர் அவனிடம் இல்லை. நான் ஒவ்வொரு எண்ணாகச் சொன்னேன். அவன் எழுதிக்கொண்டு திரும்பப் படித்தான். சரியாக இருந்தது.

அதன்பின் இரண்டு வாரம் யாரிடமும் நான் ஒன்றும் கேட்கவில்லை. போன வெள்ளிக்கிழமை வழக்கம்போல ஷிபு கூப்பிட்டான். எனக்கு மத்தியானம், அவனுக்கு இருட்டிவிட்டிருக்கும், வேலை முடிந்து தெருவில் நிற்கிறான். சாப்பிட்டீர்களா என்றான். மாத்திரை உண்டா என்றான். நான் காத்துக்கொண்டே இருந்தேன்.

"வேற என்னடே விசேசம்?"

"ஒண்ணும் இல்லப்பா. ஒரு ஒமான் நம்பர்ல இருந்து நாலஞ்சு மட்டம் கால் வந்துச்சு. எடுத்தா பேச்சே இல்ல, மூச்சு விடுக சத்தம் மட்டும். யாரோ ஏமாத்துக்காரன். பிளாக் பண்ணிட்டேன்."

"மக்கா" என்றேன். "அது உனக்க அண்ணன்."

அங்கே வண்டிகள் போகிற சத்தம் கேட்டது. யாரோ இங்கிலீசில் பேசிக்கொண்டு கடந்து போனார்கள். நான் ஹலோ சொல்லவில்லை. சொன்னால் அவன் ஏதாவது பதில் சொல்லி முடித்துவிடுவான் என்று பயந்தேன்.

பிறகு மணியடித்துக்கொண்டு ஏதோ வண்டி வந்து நின்றது.

"அப்பா, ட்ராம் வந்தாச்சு. நா ஏறுகேன்."